உங்களுக்குத் தெரியுமா? தண்ணீர் வடிந்த வீட்டில் பிளக் மாட்டுவதற்கு முன்...

மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போன பிறகுதான் கரன்ட்டுக்கு அதிக வேலை. சேற்றை இறைக்க பம்பு, சோபாவிலும் கார்ப்பெட்டிலும் ஊறிய தண்ணீரை உறிஞ்ச வேக்குவம், தரையைக் கழுவ பிரஷர் வாஷர், சுவரைக் காயவைக்க ஃபேன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். ஓட்டுகிறவரோ ஈரத் தரையில் பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்பார். இந்த வாரத் துணுக்குகள் முழுக்க அந்தக் கரன்ட்டைப் பற்றியவை.

● 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதே 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியபோது தூத்துக்குடி மாவட்டத்திலும் அதே கதைதான். கரன்ட் இல்லையே என்று எல்லோருக்கும் கோபம் வரும். ஆனால் தெருவோரத்து பில்லர் பாக்ஸ் தண்ணீரில் நிற்கும்போது சப்ளையைக் கொடுத்தால், அந்தத் தெருவில் இறங்கி நடக்கிற ஒவ்வொருவரின் உயிரும் ஆபத்தில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

● தெருவுக்குக் கரன்ட் திரும்பி வரும்போது உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் ஆஃபில் இருக்க வேண்டும். ஆனால் மெயின் பாக்ஸ் வரை தண்ணீர் இருந்தால், அதை அணைப்பதற்காகத் தண்ணீரில் இறங்கி நடக்கவே கூடாது. மின்வாரியத்தின் ‘மின்னகம்’ எண் 94987 94987. அழைத்தால் தெரு சப்ளையை நிறுத்தச் சொல்லலாம்.

● ஒருவர் கரன்ட் பாயும் கம்பியைப் பிடித்துவிட்டால், எவ்வளவு கரன்ட் வரை தானாகக் கையை எடுக்க முடியும்? அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்தே இதை அளந்து பார்த்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5 மில்லி ஆம்பியர். அதைத் தாண்டினால் தசை இறுகிவிடும். விட வேண்டும் என்று மனம் துடித்தாலும் விரல் விரியாது.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். உலர்ந்த தோல் கரன்ட்டை ஓரளவு தடுத்து நிறுத்தும். நனைந்த உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடலாம். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இதயத்தின் துடிப்பைக் குலைப்பதற்கு இதில் பாதிகூடத் தேவையில்லை. வெள்ளத் தண்ணீரில் சாக்கடையும் உப்பும் கலந்திருப்பதால் அது குழாய்த் தண்ணீரைவிட நன்றாகவே கரன்ட்டைக் கடத்தும்.

● “எங்க வீட்ல எம்.சி.பி. போட்டிருக்கு, பயமில்ல” என்று நிறையப் பேர் சொல்வார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, உங்களை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. டிரிப் ஆக 16,000 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனிதர் சாவதற்கு அதில் நூறில் ஒரு பங்கே போதும் என்பதால், அவர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் எம்.சி.பி. அசையாமல் நிற்கும்.

உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸ் வழியாகப் போன கரன்ட் அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா என்று, கல்லாவில் இரவுக் கணக்கை நேர்செய்கிற முதலாளியைப் போல, அது ஒவ்வொரு நொடியும் சரிபார்த்துக்கொண்டிருக்கும். கணக்கில் 30 மில்லி ஆம்பியர் உதைத்தாலே, அது யார் உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ பூமிக்குள் போகிறது என்று முடிவுசெய்து சப்ளையை வெட்டிவிடும். அதற்கு அதிகபட்சம் 0.3 வினாடி. கசிவு பெரிதாக இருந்தால் இன்னும் விரைவாக வெட்டும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் 100, 300 என்றும் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுப்பதற்கானவை. உயிருக்கு 30தான்.

அமெரிக்காவில் குளியலறை, சமையலறை பாயின்ட்டுகளில் இருக்கும் இதே வகைக் கருவி 4 முதல் 6 மில்லி ஆம்பியரிலேயே வெட்டிவிடும். 1960களின் தொடக்கத்தில் அதை உருவாக்கியவர் மேலே சொன்ன அதே டால்சீல்தான்.

● ஆர்.சி.சி.பி. கைகொடுக்காத இடமும் உண்டு. ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்து, உலர்ந்த மரப்பலகை மேல் நின்றால், போன கரன்ட் முழுவதும் திரும்பி வந்துவிடும். கணக்கு நேராகிவிடுவதால் அது வெட்டாது.

● இதைவிட முக்கியமானது இன்வெர்ட்டர். மெயினை அணைத்த பிறகும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பாயின்ட்டுகளில் முழு 230 வோல்ட் இருக்கும். பாட்டரியிலிருந்துதானே வருகிறது, அடித்தாலும் லேசாகத்தான் அடிக்கும் என்று நினைப்பது பெரும் தவறு. ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் மட்டும் இருந்தால், கரன்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் லைனுக்கு அதன் காவலும் கிடையாது. சுத்தம் செய்யத் தொடங்குமுன் மெயினோடு இன்வெர்ட்டரையும் அணைத்து, அதிலிருந்து வீட்டுக்குப் போகும் பிளக்கையும் உருவிவிட வேண்டும். இன்வெர்ட்டர் லைனுக்கென்று தனி ஆர்.சி.சி.பி. போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

● மாடியில் சோலார் இருக்கிறதா? தெருவில் கரன்ட் போனால் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து இறங்கும் டி.சி. வயரில் மட்டும் வோல்டேஜ் இருந்துகொண்டேயிருக்கும். அது பல நூறு வோல்ட்டாகக்கூட இருக்கலாம். மெயின் சுவிட்ச்சுக்கு அது கட்டுப்படாது. அந்த வயர் இறங்கும் சுவர்ப் பக்கம் பிரஷர் வாஷரைத் திருப்பாதீர்கள்.

● வேக்குவம் கிளீனர் முதலில் வந்தபோது அதன் மோட்டார் வீட்டுக்குள் நுழையவே இல்லை. 1901இல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளர் செய்தது, குதிரை இழுத்துவரும் வண்டியில் ஏற்றிய பெட்ரோல் இயந்திரம். வண்டி தெருவிலேயே நிற்கும், நீண்ட குழாய் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போகும். ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டி வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அது சுத்தம் செய்தது.

அமெரிக்காவில் கார்ப்பெட் கழுவும் நிறுவனங்கள் பல இன்றும் இதே முறையைத்தான் வைத்திருக்கின்றன. வெந்நீரும் உறிஞ்சும் விசையும் வாசலில் நிற்கும் வேனின் எஞ்சினிலிருந்து வரும். வீட்டுக்குள் வருவது குழாய் மட்டும் என்பதால் ஈரத்துக்கும் வீட்டு வயரிங்குக்கும் தொடர்பே இல்லை. கவனிக்க வேண்டியது எஞ்சின் புகையைத்தான். அது ஜன்னல், கதவு வழியாக உள்ளே போகாமல் வேனை நிறுத்த வேண்டும்.

● வேன் போக முடியாத அடுக்குமாடி வீடுகளுக்கு அங்கே தள்ளிக்கொண்டு போகும் இயந்திரம் உண்டு. அதில் இரண்டு பவர் கார்டு இருக்கும்! அங்கே 120 வோல்ட், 15 ஆம்பியர் என்பதால் ஒரு பாயின்ட்டில் 1,800 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. அதனால் ஒரு கார்டை ஹாலிலும் மற்றதை வேறு சர்க்யூட்டில் உள்ள சமையலறையிலும் செருகுவார்கள். நம் ஊர் 16 ஆம்பியர் பாயின்ட் ஒன்றே 3,680 வாட் தாங்கும். ஆனால் ஒரே போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாயின்ட் இருப்பதால் இரட்டிப்புச் சக்தி கிடைக்காது. இரண்டும் பெரும்பாலும் ஒரே எம்.சி.பி.யில்தான் சேரும்.

● சின்ன பாயின்ட் 6 ஆம்பியர், அதாவது 1,380 வாட். ஈரம் உறிஞ்சும் வேக்குவம் 1,200 முதல் 1,600 வாட் வரை இழுக்கும், பிரஷர் வாஷர் 1,500க்கும் மேலே. ஆகவே பெரும்பாலான இயந்திரங்களுக்குச் சின்ன பாயின்ட் போதாது. பெரிய பின்னைச் சின்ன பாயின்ட்டில் மாட்ட ஐம்பது ரூபாய் கன்வெர்ஷன் பிளக் கிடைக்கிறது. அது உருகி சாக்கெட்டோடு ஒட்டிப்போன வீடுகள் எத்தனையோ. இன்னொரு பழக்கம், வயர் முனையை உரித்து சாக்கெட் ஓட்டையில் விட்டுத் தீக்குச்சியால் இறுக்குவது. ஈரம் இருக்கும் வீட்டில் இதைச் செய்ய யாரையும் விடாதீர்கள். வேலைக்கு வந்தவராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

● மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? செருகும்போது அது முதலில் தொட வேண்டும், உருவும்போது கடைசியாக விட வேண்டும். கரன்ட் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிட வேண்டும் என்பதற்காக இப்படி ஓர் ஏற்பாடு. பிளக் சரியாக நுழையவில்லை என்று அந்தப் பின்னை வெட்டி எறிகிறவர்களைப் பார்த்தால் மனம் பதறுகிறது.

● இரண்டே பின் உள்ள வேக்குவம் எல்லாம் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். அதன் மேல் சதுரத்துக்குள் சதுரம் போட்ட முத்திரை இருக்கிறதா பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ள கருவி என்று பொருள், அதற்கு எர்த் தேவையில்லை. ஆனால் உலோக உடம்புள்ள பம்புக்கு எர்த் கட்டாயம்.

● எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கும்போது எத்தனை சாக்கெட் என்று எண்ணுகிறோம், வயரின் தடிமனைக் கேட்பதில்லை. 30 மீட்டர் நீளமுள்ள 0.75 ஸ்கொயர் எம்.எம். வயரில் 1,500 வாட் இயந்திரத்தை ஓட்டினால், 10 வோல்ட் வழியிலேயே போய்விடும். 66 வாட் அளவுக்கு வயரே சூடாகும். வயர் விரிந்து கிடந்தால் அந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். சக்கரத்தில் சுற்றியபடியே ஓட்டினால் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, மேலுறை உருகத் தொடங்கும். அதே நீளத்துக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். வயர் போட்டால் சூடு 20 வாட்தான். எந்த வயராக இருந்தாலும் முழுவதும் பிரித்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

பாக்ஸை எங்கே வைப்பது என்பதும் அதே அளவு முக்கியம். ஈரத் தரையில் வேண்டாம். உலர்ந்த அறையில், மேசை மேல் அல்லது ஜன்னல் கம்பியில் உயரமாகக் கட்டி வையுங்கள். அங்கிருந்து வயர் சற்றுத் தொங்கி, பிறகு மேலேறி பாக்ஸுக்குப் போகட்டும். வயர் வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் இறங்காது.

● சாதாரண வேக்குவம் கிளீனரில் தண்ணீரை உறிஞ்சினால் என்ன ஆகும்? உறிஞ்சிய காற்றே மோட்டாரின் வழியாகப் போய் அதைக் குளிர்விக்கிற அமைப்பு அது. காற்றோடு தண்ணீரும் நேரே மோட்டாருக்குப் போய்ச் சேரும். ஈரத்துக்கென்று செய்த இயந்திரத்தில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்று வழி இருக்கும். தொட்டி நிரம்பியதும் ஒரு மிதவை மேலெழுந்து உறிஞ்சுவதை அடைத்துவிடும்.

இந்த மிதவையை ஏமாற்றிவிடுவது நுரை. சோபாவுக்கு ஷாம்பு தாராளமாகப் போட்டுக் கழுவினால், தண்ணீர் மட்டம் ஏறாமலே நுரை மட்டும் ஏறி மோட்டாரைத் தொட்டுவிடும். தொழில் தெரிந்தவர்கள் தொட்டிக்குள் நுரை அடக்கும் மருந்து ஊற்றிவிட்டுத்தான் தொடங்குவார்கள். வீட்டில் செய்கிறவர்கள் ஷாம்புவைக் குறைத்து, தொட்டி பாதி நிரம்பியதுமே கொட்டிவிடுவது நல்லது. கொட்டும்போது பிளக் வெளியே இருக்கட்டும்.

● நம் ஊர் போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டார்கள் பலவற்றின் உள்ளே தண்ணீர் நிரப்பித்தான் இறக்குவார்கள்! காயில் கம்பி முழுவதும் பிளாஸ்டிக் உறை போட்டது என்பதால் தண்ணீரே அதைக் குளிர்விக்கும். பிரச்சினை மோட்டாரில் அல்ல, வயர் ஜாயின்ட்டில் வரும். கறுப்பு இன்சுலேஷன் டேப் தண்ணீரைத் தடுக்காது. தேங்கிய தண்ணீரை இறைக்க பம்பை இறக்கும்போது ஜாயின்ட் எதுவும் தண்ணீருக்குள் இருக்கக் கூடாது. பம்பைக் கயிற்றால் இறக்குங்கள். வயரைப் பிடித்துத் தொங்கவிட்டால் உள்ளே இணைப்பு தளரும். பம்பு ஓடும்போது அந்தத் தண்ணீரில் யாரும் கால் வைக்க வேண்டாம். அடைப்பு எடுக்க வேண்டுமென்றால் சுவிட்ச்சை அணைத்தது போதாது, பிளக்கையே உருவ வேண்டும்.

● ஒரு எச்.பி. என்பது 746 வாட். ஆனால் மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் வழக்கத்தைப்போல ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும். 850 வி.ஏ. வீட்டு இன்வெர்ட்டரில் பம்பை மாட்டிப் பார்க்கிற ஆசையை விட்டுவிடுங்கள்.

● வாடகை ஜெனரேட்டரை மழைக்குப் பயந்து படிக்கட்டின் கீழோ பால்கனியிலோ வைக்கிறார்கள். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே இருப்பவர்கள் தலைவலி, மயக்கம் என்று படுத்து, எழுந்திருக்காமலே போய்விடலாம். கதவு, ஜன்னலிலிருந்து 20 அடி தள்ளித் திறந்த வெளியில்தான் அதற்கு இடம். மழை பெய்தால், மேலே நனையாமலும் நான்கு பக்கமும் காற்று போகும்படியும் மறைப்பு போடுங்கள்.

இன்னொன்று, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டு சாக்கெட்டில் செருகி வீடு முழுவதற்கும் கரன்ட் கொடுப்பது. மெயினை அணைக்க மறந்தால் அந்த 230 வோல்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக 11,000 வோல்ட்டாக ஏறிவிடலாம். சப்ளை இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய ஊழியர் அதில் சாகக்கூடும். மழையில் நமக்காக வேலை செய்ய வந்தவர் அவர். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் கொடுக்காதீர்கள். இயந்திரத்தை நேரே ஜெனரேட்டரிலேயே மாட்டினால் போதும்.

● பிரிட்டனில் கட்டுமான இடங்களில் மஞ்சள் நிற டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று இருக்கும். அங்கே கைக்கருவிகள் பெரும்பாலும் 110 வோல்ட்டில் ஓடுகின்றன. அந்த 110உம் நடுவில் எர்த் செய்யப்பட்டிருப்பதால், வயர் அறுந்து ஒருவர் தொட்டாலும் பூமிக்கு 55 வோல்ட்தான். ஈரத்தில் வேலை செய்கிறவருக்காக வோல்டேஜையே குறைத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் இப்படி ஒரு வழக்கம் வர வேண்டும்.

● தண்ணீரில் மூழ்கிய ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்சி எதையும் ‘ஓடுதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்க்காதீர்கள். வெளியே காய்ந்தாலும் காயிலில் ஈரம் இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் மெகர் என்ற கருவி இருக்கும். 500 வோல்ட் கொடுத்துக் காப்பை அளக்கும்போது குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். மூழ்கிய சுவிட்ச், சாக்கெட், எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைக் காயவைத்து மறுபடி போடுவது கூடாது. உள்ளே சேறு படிந்த எம்.சி.பி. ஆபத்து நேரத்தில் டிரிப் ஆகாமல் போகலாம். மாற்றிவிடுங்கள்.

● வெள்ளத்தில் மூழ்கிய எலக்ட்ரிக் ஸ்கூட்டரை வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பாட்டரிக்குள் போன தண்ணீர் பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்க வைக்கும். திறந்த வெளியில் நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டரைக் கூப்பிடுங்கள்.

● ஈரமான கார்ப்பெட்டிலும் மெத்தையிலும் பூஞ்சை பிடிக்க 24 முதல் 48 மணி நேரம் போதும். அதனால்தான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். அந்த அவசரத்தில் உறிஞ்சும் வேலை ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். காயவைக்கும் வேலை இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் நடக்கும். ஃபேனும் டீஹியுமிடிஃபையரும் எடுப்பது குறைந்த வாட்தான். ஆனால் லூசான சாக்கெட்டில் தொடர்ந்து ஓடினால் குறைந்த கரன்ட்டிலும் பிளக் சூடேறும். அவ்வப்போது உலர்ந்த கையால் பிளக்கின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த பாயின்ட்டை விட்டுவிடுங்கள்.

● டீஹியுமிடிஃபையர் ஓடும்போது ஜன்னலைச் சாத்த வேண்டும். இல்லாவிட்டால் ஊர்க் காற்றின் ஈரத்தையெல்லாம் அது இழுத்துக்கொண்டிருக்கும். வெறும் ஃபேன் என்றால் ஜன்னலைத் திறக்க வேண்டும். ஏ.சி.யின் ‘டிரை’ நிலையும் ஓரளவு ஈரத்தை எடுக்கும்.

● கரன்ட்டே வேண்டாத வழியும் இருக்கிறது. பவானி ஜமுக்காளம், பாய், கயிற்றுப் பாய் எல்லாம் சுருட்டித் தூக்கி மாடியில் வெயிலில் போடக் கூடியவை. நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் விரித்துப் போட்டால் போதும். தரையோடு ஒட்டிய கார்ப்பெட்டில் சாக்கடை கலந்த வெள்ளம் ஏறியிருந்தால், அதைக் காப்பாற்ற இயந்திரம் தேடி அலையாமல் வெட்டி எடுத்து வெளியே போடுவதே சரி. அதில் உள்ள கிருமிகளை வீட்டு வேக்குவத்தால் எடுக்க முடியாது.

● சில வீடுகளில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதை பைபாஸ் செய்துவைத்திருப்பார்கள். ‘தொல்லை’யின் காரணம் பல நேரம் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற லைன்களின் நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியதுதான். பிரித்துக் கட்ட ஒரு நல்ல வயர்மேனுக்கு அரை நாள் வேலை. பைபாஸ் செய்த பெட்டி சுவரில் இருந்தும் பயனில்லை.

● சோபாவும் மெத்தையும் கழுவித் தர வருகிறவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். முழங்கால் வரை நனைந்தபடி, முன்பின் தெரியாத வீட்டு வயரிங்கை நம்பி இயந்திரத்தைப் பிடிக்கிறார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும், “தம்பி, இந்த பாயின்ட்ல மாட்டுங்க, இது ஆர்.சி.சி.பி.யில இருக்கு” என்று நீங்களே காட்டுங்கள். கால் வைக்க உலர்ந்த ரப்பர் செருப்பும் கொடுங்கள்.

● உங்கள் ஆர்.சி.சி.பி.யில் ‘T’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்த வேண்டும்; சப்ளை இருக்கும்போது அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்றுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் அட்வான்ஸ் பேசும்போதே இதைக் கேளுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் இன்றே போர்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.